பிளக் மாட்டிய தீயணைப்பு வண்டி: பணிமனையிலிருந்து சில பாடங்கள்

தீயணைப்பு வண்டி என்றால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் நிற்கிற வண்டி. ஸ்டேஷனில் நிற்கும். அழைப்பு வந்தால் மூன்று நான்கு கிலோமீட்டர் பறந்து போகும், அப்புறம் அங்கே என்ஜின் அணையாமல் மணிக்கணக்கில் நிற்கும். விளக்கு, ரேடியோ, ஹீட்டர், பம்ப் எல்லாமே அந்த என்ஜினை நம்பித்தான். மின்சார வண்டி தீயணைப்புக்கு ஒத்துவருமா என்ற பேச்சு எப்போதும் "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்" என்றுதான் தொடங்கும். அந்தக் கேள்வியிலேயே கோணம் தவறு. நிற்கும்போது என்ன செலவாகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நான் கனடாவில், ஒன்டாரியோவின் ஒரு நடுத்தர நகரத்தில், தீயணைப்பு வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையில் மின்பிரிவில் வேலை பார்க்கிறேன். பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. அதை வாங்குவதற்கான கணக்கு, வந்த பிறகு நடந்த தயாரிப்பு, குளிர்காலங்களில் அதை ஓட்டியது என்று எல்லாவற்றிலும் கூட இருந்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய டீசல் வண்டியின் கஷ்டத்தைச் சொல்லாமல் புதியதன் அருமை புரியாது. இப்போதைய டீசல் என்ஜின்களில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில் அது சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தீயணைப்பு வண்டிக்கு அந்தச் சூடே கிடைக்காது. குட்டிப் பயணம், நீண்ட நேரம் ஐட்லிங் (நின்றபடியே என்ஜின் சுற்றுவது), மறுபடி குட்டிப் பயணம். கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி பணிமனைக்கு வரும். அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை முற்றிப் போய், அவசர வாகனங்கள் பணியின் நடுவில் சக்தி குறைந்து முடங்கிவிடக் கூடாது என்பதற்காக 2012இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புகை விதியையே தளர்த்த வேண்டிவந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு தீயணைப்பு வண்டியின் தினசரி வாழ்க்கை டீசல் என்ஜினுக்கு ஏற்றதே இல்லை.

இரண்டாவது விஷயம் எனக்கு இதைவிட முக்கியம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில் சேர்த்தது. 2022இல் தீயணைப்பு வேலையையே அதே முதல் பிரிவில் வைத்தது. தீயில் எரியும் பொருள்களின் நச்சுதான் அதற்குப் பெரிய காரணம் என்றாலும், டீசல் புகையும் கணக்கில் உண்டு. வீரர்கள் சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் வண்டி நிற்கும் கூடத்துக்கு அடுத்த அறையில்தான். வண்டியைக் கிளப்பும்போது புகை உறிஞ்சும் குழாய் மாட்டியிருந்தாலும், குழாய் கழன்ற பிறகு வரும் புகை கூடத்திலேயே தங்கிவிடும். தீக்கவச உடைகளும் பல பழைய ஸ்டேஷன்களில் அங்கேதான் தொங்கும். மின்சாரத்தில் வெளியேறி மின்சாரத்திலேயே திரும்பும் வண்டி இந்த ஒன்றை மாற்றினாலே போதும், வாங்கியதற்கு நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். எரிபொருள் மிச்சத்தைக் காட்டி மட்டும் இதை நியாயப்படுத்த முயன்றால் விலை வித்தியாசத்தின் முன்னால் வாதம் தோற்றுவிடும்.

முழு மின்சாரமா, ஹைப்ரிடா? மற்ற ஊர்கள் என்ன செய்தன என்று பார்த்தோம். ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் செய்த வண்டி 2021 பிப்ரவரியில் பெர்லினில் உண்மையான பணிக்கு இறங்கியது. அதில் பேட்டரியோடு ஒரு சிறிய டீசல் என்ஜினும் உண்டு, அது சக்கரத்தை நேரே சுற்றாமல் மின்சாரம் மட்டும் தயாரிக்கும். அதே வகையின் அமெரிக்க வடிவத்தை லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 12 லட்சம் டாலருக்கு வாங்கி, 2022இல் ஹாலிவுட்டில் உள்ள 82ஆம் எண் ஸ்டேஷனில் வைத்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் வேறு வழியில் போனது. 2021இல் 8ஆம் எண் ஸ்டேஷனுக்கு வந்த பியர்ஸ் நிறுவனத்தின் வோல்டெரா வண்டியில் 155 கிலோவாட்-மணி (மின்கட்டணக் கணக்கில் 155 யூனிட்) பேட்டரி. வெளித்தோற்றமும் உள்ளமைப்பும் வழக்கமான அமெரிக்கத் தீயணைப்பு வண்டி மாதிரியே இருக்கும், டீசல் என்ஜினும் முழு அளவில் உண்டு. ஈ-ஒன் நிறுவனத்தின் வெக்டர் என்ற வண்டி 316 கிலோவாட்-மணி பேட்டரியை ஏற்றி, பம்ப் வேலையையும் பேட்டரியிலேயே முடிக்கப் பார்க்கிறது. (மின்சாரத் தீயணைப்பு வண்டி புதுமை என்று நினைக்க வேண்டாம். 1900களின் தொடக்கத்திலேயே வியன்னா தீயணைப்புப் படை சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த லோனர்-போர்ஷே வண்டிகளை ஓட்டியது. டீசலும் பெட்ரோலும் பின்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன.)

நாங்கள் ஹைப்ரிட் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு சாதாரண பெருக்கல் கணக்கு. ஒரு வீரர் பிடிக்கும் ஒற்றை ஹோஸில் நிமிடத்துக்குச் சுமார் 570 லிட்டர் போகும். அதை 10 பார் அழுத்தத்தில் தள்ள நீருக்குச் சேர வேண்டிய சக்தி 10 கிலோவாட்டுக்குள்தான். பெரிய பம்ப் சிறிய ஓட்டத்தில் திறன் குறைவாக வேலை செய்யும் என்பதால் 25 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 100 கிலோவாட்-மணி என்றால் நான்கு மணி நேரம் தாராளமாக ஓடும். சாதாரண வீட்டுத் தீ பெரும்பாலும் இதற்குள் கட்டுப்பட்டுவிடும். ஆனால் ஒரு கிடங்கு பற்றிக்கொண்டால் பம்ப் அதன் முழு அளவான நிமிடத்துக்கு 5,700 லிட்டரைத் தள்ள வேண்டியிருக்கும். அதற்கு மோட்டார் கிட்டத்தட்ட 150 கிலோவாட் இழுக்கும். அதே பேட்டரி நாற்பது நிமிடத்தில் காலி. வருவதற்கே கொஞ்சம் செலவாகியிருக்கும் என்பதையும் சேருங்கள். கனமான வண்டி, நகரத்துக்குள் அவசர வேகம் என்றால் கிலோமீட்டருக்கு 2 கிலோவாட்-மணி என்று நாங்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கிடங்குத் தீ வருடத்துக்கு ஒருமுறைகூட வராமல் போகலாம். வரும் நாளில் "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஜெனரேட்டர். இதை அரைகுறை மின்சாரம் என்று சிலர் குறைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. தீயணைப்பில் இரண்டாவது வழி ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை உங்கள் ஊர் எண்களை வைத்துப் போடுங்கள். பழைய டீசல் வண்டிகளின் கணினியிலேயே எல்லாம் பதிவாகியிருக்கும்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றபடி என்ஜின் சுற்றியது, பம்ப் எவ்வளவு நேரம் இயங்கியது. அதை ஒரு முழு வருடத்துக்கு, குளிர்காலம் உட்பட, எடுத்துப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் அட்டவணையைவிட அது பலமடங்கு உண்மை பேசும். ஒரே ஊரில் இரண்டு ஸ்டேஷன்களின் எண்கள்கூட ஒத்துப்போகாது. நெருக்கமான நகர மையத்து ஸ்டேஷனுக்கு மின்சார வண்டி கச்சிதமாகப் பொருந்தும். ஊர் எல்லையில், ஹைட்ரண்ட் (தெருவோரத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) இல்லாத பண்ணைகளுக்குத் தண்ணீர் சுமந்து போகும் ஸ்டேஷனுக்குப் பொருந்தாது.

வண்டியைவிட அதிகக் கஷ்டம் கொடுத்தது கட்டடம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஐம்பது வருடப் பழைய ஸ்டேஷனில் 208 வோல்ட், 200 ஆம்பியர் மும்முனை இணைப்புதான் இருக்கும். அது மொத்தமே 72 கிலோவோல்ட்-ஆம்பியர், அதிகபட்சம் 72 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை, ஹீட்டர், கம்ப்ரஸர், விளக்குகள் போக மிச்சம் என்ன? அதில் 150 கிலோவாட் வேகச் சார்ஜரை வைக்க முடியாது. புது டிரான்ஸ்பார்மர், புது மெயின் பேனல், தரையைத் தோண்டிக் கேபிள் என்று வேலை நீள்கிறது. மின்வாரியத்திடம் விண்ணப்பம் போட்டால் அவர்கள் வரிசையில்தான் வருவார்கள். எங்களிடம் வண்டி வந்து நின்றபோதும் நிரந்தரச் சார்ஜர் தயாராகவில்லை, தற்காலிக ஏற்பாட்டில்தான் பயிற்சியை நடத்தினோம். வண்டிக்கு ஆர்டர் போடும் முன்பே மின் இணைப்புக்கு விண்ணப்பம் போய்விட வேண்டும். தீயணைப்பு வண்டி தயாராக இரண்டு மூன்று வருடம் ஆகிறதே, நேரம் இருக்கிறது என்று விட்டுவைத்தால் கடைசியில் கட்டட வேலைதான் பின்தங்கும்.

அதே சமயம் பெரிய சார்ஜர்தான் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. வண்டி திரும்பியதும் வழக்கமாக இருபது முப்பது கிலோவாட்-மணிதான் நிரப்ப வேண்டியிருக்கும். 50 கிலோவாட் சார்ஜர் அதை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும். வேகமாக இழுத்தால் மின்கட்டணத்தில் உச்சத் தேவைக்கென்று தனித் தொகை ஏறும், ஒரே ஒருமுறை இழுத்தாலும் அந்த மாதக் கணக்கில் அது உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக நிரப்புவது பேட்டரிக்கும் நல்லது.

மின்தடை வந்தால் என்ன செய்வது? இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2013 டிசம்பரில் பனிக்கட்டி மழை பெய்து மரங்களும் கம்பிகளும் ஒடிந்து விழ, டொராண்டோ வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில்தான் தீயணைப்புக்கு அழைப்பு குவியும். ஸ்டேஷனில் ஏற்கெனவே இருக்கும் அவசர ஜெனரேட்டர் விளக்குக்கும் கதவுக்கும் ரேடியோவுக்கும் அளந்து வாங்கியது, சார்ஜரை அது தாங்காது. ஆகவே ஸ்டேஷன் ஜெனரேட்டரில் ஓடும்போது சார்ஜர் தானாகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடும்படி ஒரு கட்டுப்பாட்டைப் போட்டோம். மீதியை வண்டியின் சொந்த ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த இணைப்பை வரைபடத்தில் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், மெயின் சுவிட்சை உண்மையிலேயே அணைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது பிளக். டீசல் வண்டிகளிலும் பேட்டரியையும் காற்றழுத்தத்தையும் காக்க ஒரு சிறிய மின்கம்பி எப்போதும் மாட்டியிருக்கும். வண்டியைக் கிளப்பியதும் அது தானாகத் துள்ளி வெளியே விழும். வீரர்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. வேகச் சார்ஜரின் பிளக் அப்படியில்லை, பூட்டிக்கொள்ளும், விடுவித்துக் கையால் உருவ வேண்டும். சில விநாடி வேலைதான். ஆனால் நள்ளிரவு அழைப்பில், பாதித் தூக்கத்தில், யார் அதைச் செய்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் நான்கு பேரும் மற்றவர் செய்திருப்பார் என்று ஏறிவிடுவார்கள். பிளக் இருக்கும் வரை வண்டி நகராது, ஆபத்தில்லை, நேரம்தான் போகும். பிளக்கை ஓட்டுநர் கதவுப் பக்கம் வருமாறு வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றினோம். கேபிள் மேலிருந்து இறங்கி, விட்டதும் தானே மேலேறும்படி செய்தோம். ஓட்டுபவரே உருவ வேண்டும் என்பது விதி. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

வீரர்களிடம் நம்பிக்கை வருவதற்கு நாளானது. அதில் தவறேதும் இல்லை, அந்த வண்டியை நம்பி அவர்கள் எரியும் கட்டடத்துக்குள் போகிறார்கள். பம்ப் இயக்குபவர்களின் தயக்கம்தான் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது. அனுபவசாலி ஒருவர் அழுத்தமானியைப் பார்ப்பதைவிடக் காதால்தான் பம்ப்பை ஓட்டுவார். தண்ணீர் வரத்து குறைந்து பம்ப்புக்குள் குமிழி கட்டத் தொடங்கினால், அழுத்தம் ஏறாமல் என்ஜின் சத்தம் மட்டும் ஏறும், அவர் உடனே வேகத்தைக் குறைப்பார். மின்மோட்டாரில் அந்த என்ஜின் சத்தமே இல்லை. "காது போன மாதிரி இருக்கிறது" என்றார் ஒருவர். அவரையே கூட வைத்துக்கொண்டு பயிற்சியை மாற்றி அமைத்தோம். ஹைட்ரண்டின் வால்வை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மூடி, பம்ப்புக்குள்ளே சரளைக்கல் உருள்வது போல் வரும் அந்த உறுமலைக் கேட்கப் பழக்கினோம். டீசல் இரைச்சலில் முன்பு அது அவ்வளவாகக் கேட்டதில்லை. இப்போது தெளிவாகக் கேட்கிறது. அதோடு, பம்ப் பக்கத்தில் நின்றுகொண்டே ரேடியோவில் உள்ளே இருப்பவரின் குரலைக் கத்தாமல் கேட்க முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பிறகு அந்த வண்டியைக் கேட்டு வாங்கிப் பணிக்குப் போனவர்கள் உண்டு.

சத்தமின்மையில் ஆபத்தும் இருக்கிறது. வண்டி தயார் நிலையில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று வெளியில் இருந்து தெரியாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காமல் யாரும் முன்னாலோ பின்னாலோ குனியக் கூடாது என்ற பழைய விதியை மறுபடி கண்டிப்பாக்கினோம். ஆரஞ்சு நிற உயரழுத்தக் கேபிள்கள் எங்கே ஓடுகின்றன, துண்டிக்கும் சுவிட்ச் எங்கே என்பது பணிமனைக்காரர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா ஷிஃப்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் வண்டியே விபத்தில் சிக்கலாம் இல்லையா?

குளிர்காலத்தைப் பற்றி. வண்டி சூடான கூடத்தில் நிற்பதால் மைனஸ் இருபதிலும் பேட்டரி இதமாகத்தான் வெளியே போகிறது. பேட்டரியை உண்மையில் தின்பது கேபின் ஹீட்டர். தீயிடத்தில் நனைந்த உடையோடு ஆட்கள் மாறி மாறி ஏறி இறங்க, கதவு திறந்தே கிடக்கும். டீசல் என்ஜினில் அந்தச் சூடு இலவசம், இங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் பேட்டரி கொடுக்க வேண்டும். கடுங்குளிர் நாளில் ஜெனரேட்டர் சீக்கிரமே கிளம்புவதற்கு இதுதான் பெரிய காரணம். வழுக்கும் சாலையில், வேகம் குறையும்போது மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் பிரேக்கைக் குறைந்த அளவில் வைக்கச் சொல்லியிருக்கிறோம், பின்சக்கரம் திடீரென்று இழுபடாமல் இருக்க. இன்னொன்று: பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடமே இருக்காது, முதல் சில நிமிடங்களுக்குப் பிரேக் வேறு மாதிரி உணரும். எங்கள் ஸ்டேஷன் வாசல் இறக்கத்தில் இருக்கிறது. அதனால் தொண்ணூறில் சார்ஜை நிறுத்திவிடுகிறோம்.

ஜெனரேட்டரைப் பற்றி எழுத மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் எல்லோரும் மறப்பது அதைத்தான். அதிகம் ஓடாத டீசல் என்ஜின் ஓட வேண்டிய நாளில் மக்கர் பண்ணும். டேங்கில் எரிபொருள் பழசாகும், கோடையில் நிரப்பியது குளிரில் மெழுகு மாதிரி கட்டும். வாரம் ஒருமுறை பம்ப்பை இயக்கி, உண்மையான சுமை கொடுத்து அதை ஓட்டுகிறோம். சும்மா ஐட்லிங்கில் ஓட்டினால் பழைய கரிப் பிரச்சினை இங்கேயும் வந்துவிடும். ஆரம்பத்தில் ஜெனரேட்டர் கிளம்பினாலே வண்டி ஏதோ பழுதாகிவிட்டது என்று வீரர்கள் நினைத்தார்கள். நகரசபையில் வேறு விதமான பேச்சு, டீசல் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு, அது குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி என்று அளக்கப் பார்த்தார்கள். அந்த அளவுகோல் ஆபத்தானது. எண்ணைக் குறைவாகக் காட்டுவதற்காகப் பேட்டரி அடிமட்டம் போகும் வரை ஜெனரேட்டரைத் தள்ளிப்போட யாருக்காவது தோன்றினால், அந்த விலையை உள்ளே இருக்கும் வீரர் கொடுப்பார். எந்த அளவில் அது கிளம்ப வேண்டும் என்பது பொறியியல் முடிவு. அதை அறிக்கைக்காக யாரும் தொடக் கூடாது என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

பேட்டரியே தீப்பிடித்தால்? நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் ஷ்டாட்டலெண்டார்ஃப் நகரத்தில் ஒரு புதிய தீயணைப்பு நிலையமே எரிந்துபோனது, பல வண்டிகள் நாசம், கோடிக்கணக்கான யூரோ சேதம். லித்தியம் பேட்டரிகளும் வெளி மின் இணைப்பும் இருந்த ஒரு பணி வாகனத்தில் தீ தொடங்கியதாகச் சொல்லப்பட்டது. அதை வைத்து மின்சார வண்டிமேல் பழிபோட முடியாது. இன்று சாதாரண டீசல் வண்டியிலும் பேட்டரியில் ஓடும் கருவிகளும் சார்ஜர்களும் நிறைய இருக்கின்றன. எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. அந்தக் கட்டடத்தில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படவில்லை, அப்போது சட்டப்படி அது கட்டாயமாகவும் இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் தீப் பாதுகாப்பு சொல்லும் இடத்தில்தான் இந்த ஓட்டை. எங்கள் கூடத்தில் வெப்பத்தை உணரும் எச்சரிக்கைக் கருவி வைத்தோம். சார்ஜரை அணைக்கும் சுவிட்ச் கட்டடத்துக்கு வெளியிலும் ஒன்று உண்டு. ஹைப்ரிட் வண்டிக்கு இருபக்கமும் இடைவெளி அதிகம், அதைக் கதவுக்கு நேராக, முதலில் வெளியே இழுக்கக்கூடிய வரிசையில்தான் நிறுத்துகிறோம். மின்சார வண்டி வாங்காத ஸ்டேஷன்களும் இந்தக் கருவியை உடனே வைத்துவிடலாம், செலவு பெரிதில்லை.

இப்போது அடுத்த வண்டிகளுக்கான விவரக்குறிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. நகர மையத்து ஸ்டேஷனுக்கு இன்னொரு ஹைப்ரிட் கேட்டிருக்கிறோம், கேபினுக்கு ஹீட் பம்ப்போடு (குறைந்த மின்சாரத்தில் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் கருவி). அந்த ஸ்டேஷனின் மின் இணைப்பு விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. ஊர் எல்லையில் இருக்கும் தண்ணீர் லாரிக்கும் நீண்ட ஏணி வண்டிக்கும் இந்தச் சுற்றில் டீசலே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றின் ஓட்டப் பதிவுகளையும் ஒரு முழு வருடத்துக்கு எடுக்கத் தொடங்கியிருக்கிறோம், அந்த எண்கள் கையில் வந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.